பட்டு நூலில் கட்டிய முட்டைக்கோஸ்

1825 ஆகஸ்ட் 1, நண்பகல் 12 மணி. அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் ஒரு பட்டு நூலில் சற்றே இடைவெளி விட்டு ஆறு உணவுத் துண்டுகளைக் கட்டினார். மசாலா சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பச்சைப் பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை மாட்டிறைச்சி, வேகவைத்த மாட்டிறைச்சி, காய்ந்துபோன ரொட்டி, நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ். இவ்வளவையும் உள்ளே வாங்கிக்கொள்ளக் காத்திருந்தவர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடா நாட்டுத் தொழிலாளி. ஆனால் அவர் அந்த நூலை விழுங்கவில்லை. அவருடைய இடது மார்புக்குக் கீழே ஒரு துளை இருந்தது. அந்தத் துளை வழியாக நூல் நேரே இரைப்பைக்குள் இறங்கியது.

துளை வந்த கதை கொடுமையானது. 1822 ஜூன் 6 அன்று, ஹியூரான் ஏரியில் உள்ள மாக்கினாக் தீவில், மென்மயிர்த் தோல் வியாபாரம் செய்யும் கம்பெனியின் கடையில் மார்ட்டின் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. விலா எலும்பு நொறுங்கி, நுரையீரல் கிழிந்து, இரைப்பையிலும் ஓட்டை விழுந்தது. காலையில் சாப்பிட்ட சாப்பாடு காயத்தின் வழியே வெளியே வந்ததைப் போமாண்ட் பார்த்தார். பிழைக்க மாட்டார் என்றுதான் அவர் நினைத்தார். மார்ட்டின் பிழைத்துக்கொண்டார். ஆனால் காயம் முழுவதும் மூடவில்லை. இரைப்பையின் ஓரம் வெளித்தோலோடு ஒட்டி ஆறிவிட்டதால், விரலால் விலக்கினால் உள்ளே பார்க்கும்படி ஒரு வழி நிலைத்துவிட்டது. சாப்பிடும் ஒரு மனிதரின் இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஒரு மணிக்குப் போமாண்ட் நூலை வெளியே இழுத்துப் பார்த்தார். முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சித் துண்டுகள் போட்டது போட்டபடி இருந்தன. மறுபடி உள்ளே விட்டார். இரண்டு மணிக்கு எடுத்தபோது முட்டைக்கோஸ், ரொட்டி, பன்றிக் கொழுப்பு, வேகவைத்த இறைச்சி நான்கும் நூலில் இல்லை. மூன்று மணிக்கும் பச்சை மாட்டிறைச்சி அவ்வளவாக அசையவில்லை. அதற்குள் மார்ட்டினுக்கு வயிற்றில் சங்கடம் ஏற்பட்டதால் சோதனையை அன்றைக்கு நிறுத்திக்கொண்டார்கள்.

சாப்பாடு வயிற்றில் என்ன ஆகிறது என்பது அந்தக் காலத்தில் தீராத வழக்கு. இரைப்பை அரைக்கிறது என்றனர் சிலர். உடல் சூட்டில் வேகிறது என்றனர் சிலர். அழுகுகிறது என்று சொன்னவர்களும் உண்டு. 1752ல் பிரான்சின் ரேமூர், துளையிட்ட உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்துப் பருந்துக்குக் கொடுத்தார். பருந்து குழாயைக் கக்கியபோது உள்ளே இருந்த இறைச்சி அரைபடாமலேயே கரைந்திருந்தது. இத்தாலியின் ஸ்பல்லன்சானி இன்னும் ஒரு படி மேலே போய், சிறு துணிப் பைகளில் உணவை வைத்துத் தைத்துத் தானே விழுங்கினார். போமாண்ட் எளிய வழியைக் கண்டார். மார்ட்டினின் இரைப்பையிலிருந்து சாற்றை எடுத்து ஒரு சிறு புட்டியில் ஊற்றி, சுண்டுவிரல் அளவு இறைச்சித் துண்டைப் போட்டு, உடல் சூட்டுக்குச் சமமான வெந்நீரில் வைத்தார். வயிற்றுக்குள் இரண்டு மணி நேரத்தில் நடந்த வேலை புட்டிக்குள் சுமார் பத்து மணி நேரத்தில் நடந்தது. வயிறே இல்லாத இடத்தில் உணவு செரித்தது! செரிமானம் ஒரு வேதியியல் வேலை என்பதற்கு அந்தப் புட்டியே சாட்சி.

அந்த வேலை வாயிலேயே தொடங்கிவிடுகிறது. நூலில் கட்டி நேரே உள்ளே விட்டதால் அந்த ஆறு துண்டுகளுக்கும் முதல் கட்டம் தவறிப்போனது.

குழம்பு, ரசம் எதுவும் ஊற்றாத வெறும் சோற்றை ஒரு பிடி வாயில் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால், ஒரு நிமிடத்துக்குள் லேசாக இனிக்கும். சோற்றில் இருப்பது மாவுச்சத்து. பூக்காரி தொடுத்த மல்லிகைச் சரம் போல நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் அணுத்தொகுதிகள் வரிசையாகக் கோத்த நீளச் சரம் அது. சரமாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது. உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற நொதி சரத்தைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. இரண்டிரண்டு பூவாக உதிர்ந்த துண்டு மால்டோஸ் என்ற சர்க்கரை. அதைத்தான் நாக்கு கண்டுபிடிக்கிறது.

பள்ளி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு சோதனைக் குழாய்களில் நீர்த்த கஞ்சித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் கொஞ்சம் உமிழ்நீரைக் கலந்து, கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைப்பார்கள். பிறகு இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின். வெறும் கஞ்சி உடனே கருநீலமாக மாறும். எச்சில் கலந்த கஞ்சியில் அந்த நீலம் வராது, அயோடினின் வெளிர் பழுப்பு நிறம் மட்டும் தெரியும். நீலத்தைக் காட்டவேண்டிய மாவுச்சத்து அங்கே இல்லை. ஒரு மனிதரின் வாயில் நாள்தோறும் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இந்த உமிழ்நீர் சுரக்கிறது.

மென்ற கவளத்தை நாக்கு பின்னால் தள்ளும்போது ஓர் ஆபத்தான திருப்பம் வருகிறது. தொண்டையில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் பக்கத்துப் பக்கத்தில் திறக்கின்றன. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலே எழும்பும். குரல்வளை மூடி என்ற சிறு மடல் கவிழ்ந்து மூச்சு வழியை அடைக்கும். கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு எச்சில் விழுங்கினால் அந்த எழும்பலைத் தொட்டே உணரலாம். சாப்பிடும்போது பேசியோ சிரித்தோ இந்த ஒழுங்கு தவறினால் ஒரு பருக்கை தவறான பாதையில் போய்ப் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி வீட்டில் தலையில் தட்டுவார்கள். பருக்கையை உண்மையில் வெளியே தள்ளுவது இருமல்தான்.

உணவுக்குழாயின் நீளம் பெரியவர்களுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர். கவளம் அதில் தானாக விழுவதில்லை. கவளத்துக்குப் பின்னால் தசை சுருங்க, முன்னால் தசை தளர, அந்தச் சுருக்கம் அலையாக நகர்ந்து அதைக் கீழே தள்ளுகிறது. தலைகீழாக நிற்கிற ஒருவர் விழுங்கினாலும் சாப்பாடு இரைப்பைக்குப் போய்ச் சேரும். விண்வெளி வீரர்கள் மிதந்துகொண்டே சாப்பிட முடிவதும் இந்த அலையால்தான்.

இரைப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் தொப்புளைத் தொட்டுக் காட்டுவார்கள். அங்கே இருப்பது குடல். இரைப்பை அதற்கு மேலே, இடப்பக்க விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. மார்ட்டினின் துளை மார்புக்குக் கீழே இருந்ததன் காரணமும் அதுவே. இரைப்பைச் சாற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது என்று இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட் 1823லேயே காட்டியிருந்தார். வீட்டுக் கழிவறை கழுவும் திரவங்கள் சிலவற்றில் இருக்கும் அதே அமிலம். அமிலம் மட்டும் போதாது, இன்னொரு பொருளும் உள்ளே வேலை செய்கிறது என்று போமாண்ட் சந்தேகப்பட்டார். 1836ல் ஜெர்மனியின் தியோடர் ஷ்வான் அதைப் பிரித்தெடுத்துப் பெப்சின் என்று பெயர் வைத்தார். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எதில் புரதம் இருந்தாலும் பெப்சின் அதை நறுக்கத் தொடங்கும். அமிலம் புரதத்தின் முறுக்கைப் பிரித்துக்கொடுப்பதோடு, உணவோடு வந்த கிருமிகளில் பெரும்பகுதியையும் கொன்றுவிடுகிறது.

இறைச்சியைக் கரைக்கும் சாறு, இறைச்சியாலேயே ஆன இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? உட்சுவரின் மேல் கெட்டியான சளிப் படலம் ஒன்று படர்ந்திருக்கிறது. அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் அதற்குள் சுரந்துகொண்டே இருக்கும். இவ்வளவு காவலையும் மீறித் தேயும் மேற்பரப்புச் செல்களுக்குப் பதிலாகச் சில நாட்களுக்கு ஒருமுறை புதுச் செல்கள் வந்துவிடுகின்றன. தொண்டைக்கு அந்தப் படலம் கிடையாது. வாந்தி எடுக்கும்போது தொண்டை எரிவது அதனால்.

இரைப்பை வெறுமனே ஊறவைக்கும் பாத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. நிமிடத்துக்கு மூன்று முறை சுருங்கி உள்ளே இருப்பதைக் கலக்கி, கூழாக்குகிறது. அதன் கடைசி வாயிலில் ஒரு வட்டத் தசை காவல் இருக்கிறது. சுமார் இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிதாகப் பொடிந்த துகள்களையே அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மென்று சாப்பிடச் சொல்லும் பாட்டியின் கண்டிப்புக்கு இங்கே காரணம் கிடைக்கிறது. வாயில் முடிக்காத வேலையை இரைப்பை தன் தலையில் போட்டுக்கொண்டு நேரமெடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. மார்ட்டினுக்குக் கோபமும் எரிச்சலும் வந்த வேளைகளில் செரிமானம் தாமதப்பட்டதையும் போமாண்ட் குறித்து வைத்திருக்கிறார். திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிட்ட எந்தக் குழந்தைக்கும் இது தெரிந்த விஷயம்.

சாப்பிட்டு வெகுநேரம் ஆனபின் வயிறு சத்தம் போடுவதும் ஒரு வேலையின் சத்தமே. ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் கிளம்பும் சுருக்க அலை சிறுகுடலின் கடைசிவரை போய், மிச்சம் மீதியைத் துடைத்துத் தள்ளுகிறது. அப்போது காற்றும் நீரும் குழாய்க்குள் உருளும் ஓசை வகுப்பறையில் பக்கத்துப் பெஞ்சு வரை கேட்கும்.

போமாண்ட் மொத்தம் 238 சோதனைகளைத் தொகுத்து 1833ல் புத்தகமாக வெளியிட்டார். உலகம் அவரைக் கொண்டாடியது. மார்ட்டினுக்குக் கிடைத்தது குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத அவர், ஓர் ஒப்பந்தத்தில் தன் அடையாளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பசித்த வயிற்றோடு மணிக்கணக்கில் படுத்துக்கிடந்தார். பலமுறை வீட்டுக்குப் போய்விட்டார், மறுபடி அழைத்து வரப்பட்டார். 1880ல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டு வந்துவிடக் கூடாது என்று குடும்பத்தார் அதை அழுகவிட்டு, ஆழமான குழியில் புதைத்தார்கள். இரைப்பையைப் பற்றிய பாடத்தில் மருத்துவர் பெயருக்கு முன்னால் வரவேண்டியது அவர் பெயர்.

இவ்வளவு கிடைத்தும், அந்தத் துளை காட்டியது பாதிக் கதையைத்தான். இரைப்பை உணவை உடைக்கிறது. உடைத்த உணவு எங்கே உடலுக்குள் போகிறது? இரைப்பைக்குள் கிடக்கும் சாப்பாடு இன்னும் உடலுக்குச் சொந்தமாகவில்லை. வாயிலிருந்து ஆசனவாய் வரை போவது இரண்டு பக்கமும் திறந்த ஒரே நீளக் குழாய். அந்தக் குழாயின் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போனால்தான் சாப்பாடு உடம்பில் ஒட்டும். விதையை முழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவது வழக்கம். விழுங்கிய கொய்யா விதை, உடைபடாததால் சுவரைத் தாண்ட முடியாமல், போன உருவத்திலேயே மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வெளியே வந்துவிடும். பட்டு நூலிலிருந்து மறைந்த முட்டைக்கோசின் நாராலும் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. அது மென்மையாகி உதிர்ந்ததே தவிர, அதைச் செரிக்கும் நொதி மனிதரிடம் கிடையாது.

தாண்டும் இடம் சிறுகுடல். செரிமான மண்டலத்தில் ஒரே ஓர் உறுப்புக்கு மாலை போடச் சொன்னால் அதற்குத்தான் போட வேண்டும். நோயின் காரணமாக இரைப்பையை முழுவதும் அறுத்து எடுத்துவிட்ட பிறகும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொண்டு பல வருடங்கள் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். சிறுகுடல் முழுவதும் போய்விட்டால் எவ்வளவு சாப்பிட்டும் பயனில்லை, ரத்தக்குழாய் வழியாகவே உணவைச் செலுத்த வேண்டியிருக்கும். பெயரில்தான் சிறிது. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில், சுமார் ஆறு மீட்டர் நீளத்துக்கு மடிந்து மடிந்து கிடக்கிறது.

இரைப்பையிலிருந்து அமிலக் கூழ் அதற்குள் நுழைந்ததும் கணையம் தன் சாற்றை ஊற்றி அமிலத்தை முறிக்கிறது. மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் நறுக்கும் நொதிகள் அந்தச் சாற்றில் இருக்கின்றன. கல்லீரல் தயாரித்துப் பித்தப்பையில் சேமித்த பச்சை மஞ்சள் பித்தநீர், நெய்யையும் எண்ணெயையும் மிக நுண்ணிய திவலைகளாகப் பிரித்துக்கொடுக்கிறது. 1840களில் கிளாட் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர், கொழுப்பு ஊட்டிய ஒரு முயலின் குடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுப்பைச் சுமக்கும் நாளங்கள் பால் வெள்ளையாக இருந்தன. ஆனால் குடலின் தொடக்கத்தில் அந்த வெள்ளை இல்லை, சற்றுத் தூரம் தள்ளித்தான் தொடங்கியது. முயலுக்குப் பித்தநீர் குடலின் ஆரம்பத்திலேயே வந்துவிடும், கணையக் குழாய் வெகுதூரம் கீழே போய்த்தான் சேரும். வெள்ளை தொடங்கிய இடமும் கணையக் குழாய் சேர்ந்த இடமும் ஒன்றாக இருந்தன. கொழுப்பைச் செரிப்பதில் கணையத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அவர் அந்த ஒரு பார்வையில் பிடித்துவிட்டார்.

இப்போது மாவுச்சத்து தனித்தனிக் குளுக்கோஸாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும் உதிர்ந்துவிட்டன. சிறுகுடலின் உட்சுவர் முழுவதும் குடல் உறிஞ்சிகள் என்ற நுண்ணிய நீட்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் உயரமும் ஏறக்குறைய அரை முதல் ஒரு மில்லிமீட்டர். அதன் மேல் உள்ள ஒவ்வொரு செல்லிலும் இன்னும் நுண்ணிய நீட்சிகள் உண்டு. விரித்துப் பரப்பினால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பாடப் புத்தகங்கள் பல காலம் சொல்லிவந்தன. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் மறுபடி அளந்து, செரிமானப் பாதை முழுவதன் உட்பரப்பும் சேர்ந்து 30 முதல் 40 சதுர மீட்டர்தான் என்று 2014ல் தெரிவித்தார்கள். அது பாட்மிண்டன் மைதானத்தில் பாதி. தொப்பிக்குள் முயலை மறைப்பவர்கூட ஒரு மனிதரின் வயிற்றுக்குள் இவ்வளவு பரப்பை மடித்து வைக்க முடியாது. இந்தச் சுவரைத் தாண்டிய குளுக்கோஸும் அமினோ அமிலமும் ரத்தத்தில் ஏறி முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு நிணநீர் நாளங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு ரத்தத்தில் சேருகிறது.

மிஞ்சியது பெருங்குடலுக்கு. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அந்த இடத்தில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் என்று 2016ல் கணக்கிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கேதான். மனித நொதிகளால் உடைக்க முடியாத நாரையும் சில சர்க்கரைகளையும் அவை சாப்பிட்டு, பெருங்குடலின் செல்களுக்கு உணவாகும் சில அமிலங்களைத் தருகின்றன. கூடவே வாயுவையும் தருகின்றன. மொச்சைக் குழம்பும் கொண்டைக்கடலைச் சுண்டலும் சாப்பிட்ட அன்று வயிறு உப்புவதற்கு, அந்தப் பயறுகளில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் காரணம். மலத்தின் பழுப்பு நிறம் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. வயதாகி அழிந்த ரத்தச் சிவப்பணுக்களின் மிச்சம் பித்தநீரோடு வந்து அந்த நிறத்தைத் தருகிறது.

ஆனால் சிறுகுடலிலும் பெருங்குடலிலுமாக நடக்கும் தண்ணீர்க் கணக்குத்தான் உயிரைக் காப்பது. குடிப்பதும் சாப்பாட்டில் இருப்பதுமாக ஒரு பெரியவரின் குடலுக்குள் நாளைக்கு இரண்டு லிட்டர் நீர் போகிறது. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையச் சாறு, குடற்சாறு என்று உடலே இன்னும் ஏழு லிட்டர் ஊற்றுகிறது. மொத்தம் ஒன்பது லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடலும் மீதியைப் பெருங்குடலும் திரும்ப எடுத்துக்கொள்ள, வெளியே போவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். காலராக் கிருமியின் நச்சு இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடுகிறது. சிறுகுடலின் செல்கள் உப்பையும் நீரையும் நிறுத்தாமல் குழாய்க்குள் கொட்டுகின்றன. சில மணி நேரத்திலேயே உடல் வற்றி உயிர் போகலாம்.

1971ல், வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்த லட்சக்கணக்கான அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பொங்காவ் மருத்துவமனையில் படுக்கை போதாமல் தரையெங்கும் நோயாளிகள். ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ் சிறுகுடலின் ஒரு குணத்தை நம்பினார். குடற்சுவரில் ஒரு வாசல் இருக்கிறது, சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாக வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும் என்று ராபர்ட் கிரேன் 1960ல் சொல்லியிருந்தார். அவை போகும்போது நீரும் கூடவே போகும். காலரா எல்லாவற்றையும் குலைத்தாலும் இந்த வாசலைக் கெடுப்பதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் ஓடிவிடும். வெறும் உப்புத் தண்ணீரும் நிற்காது. சர்க்கரையும் சேர்ந்தால் நிற்கும்.

லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் எடைபோட்டுப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். பொங்காவில் குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளிகளின் அம்மாவும் அண்ணனும் அக்காவும் குவளையில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்தக் கரைசல் குடித்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

இன்று மருந்துக்கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும், இந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அளவுகள் மாறியிருக்கின்றன, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. வயிற்றுப்போக்கு நேரத்தில் பொட்டலம் கைக்கெட்டாவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். ருசிக்காகச் சர்க்கரையை அள்ளிப் போடக் கூடாது. கரைசல் அடர்த்தியாகிவிட்டால் அது உடலிலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும், வயிற்றுப்போக்கு கூடிவிடும்.